மூன்று உலக்கையும் ஓர் உரலும்: மோட்டார் ஏன் எரிகிறது?

மே மாதம் பிறந்தால் நாகபுரியில் நம்மவர் வீடுகளில் இரண்டே பேச்சுத்தான். ஒன்று, ஊருக்குப் போக டிக்கெட் கிடைத்ததா என்பது. மற்றது, மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறியதா என்பது. முப்பத்தேழு ஆண்டுகள் ரயில்வேயில் இருந்தும் முதல் விஷயத்தில் என்னால் யாருக்கும் பெரிதாக உதவ முடிந்ததில்லை. இரண்டாவதில் கொஞ்சம் உதவலாம் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். பொறியியல் பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் இதை என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். ஆனால் அவர்கள் எல்லாம் புனேயிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். டிப்ளமோ படித்துவிட்டு மின் எஞ்சின் பணிமனையில் காலம் கழித்த நான்தான் இங்கே இருக்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் 12 வீடுகள். கீழே ஒரு சம்ப், மேலே ஒரு தொட்டி, நடுவில் 5 குதிரைத் திறன் உள்ள மும்முனை மோட்டார். இரண்டு கோடையில் அந்த மோட்டார் மூன்று முறை எரிந்தது. ஒவ்வொரு முறையும் கழற்றி ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோய்த் திரும்ப மாட்ட நான்கு நாள் ஆகும். அந்த நான்கு நாளும் டேங்கர் தண்ணீர். 45 டிகிரி வெயிலில், குளிக்கத் தண்ணீர் இல்லாத வீட்டில், பரீட்சை முடிந்து வந்த குழந்தைகளையும் வயதான பெரியவர்களையும் வைத்துக்கொண்டு படும் பாட்டை நான் விவரிக்க வேண்டியதில்லை. சொசைட்டிக் கூட்டத்தில் ரீவைண்டிங் கடைக்காரர் நல்ல கம்பி போடவில்லை என்றார் ஒருவர். வாட்ச்மேன் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறான் என்றார் இன்னொருவர். மூன்றாவது மாடிக்காரர்கள் தண்ணீரைக் கொட்டுகிறார்கள் என்றார் மற்றொருவர். செலவை யார் ஏற்பது என்பதில் இரண்டு குடும்பங்கள் பேச்சையே நிறுத்திக்கொண்டன. டாங் டெஸ்டர் ஒன்று வாங்கித் தாருங்கள், ஒரு வாரம் பொறுங்கள் என்று மட்டும் நான் சொன்னேன். கம்பியை வெட்டாமல், இடுக்கிபோல் வாயைத் திறந்து கம்பியைக் கவ்விப் பிடித்து, அதில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டும் கருவி அது. ரயில்வேயில் எங்களுக்கு அது டாக்டருக்கு ஸ்டெதாஸ்கோப் மாதிரி.

உரலும் உலக்கையும்

முதலில் மும்முனை மின்சாரம் என்றால் என்ன என்று பார்ப்போம். ஊரில் மூன்று பெண்கள் ஓர் உரலில் மாறி மாறி உலக்கை போட்டு நெல் குத்துவதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு உலக்கை மேலே போகும்போது இன்னொன்று பாதி வழியில் இருக்கும், மற்றொன்று கீழே விழும். உரலில் ஒரு கணமும் ஓய்வு இராது. ஆனால் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளவும் செய்யாது. மின்சாரத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நாம் வண்ணத்தால் குறிக்கும் மூன்று ஃபேஸ்களும் இப்படித்தான். ஒவ்வொன்றும் நொடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு சுற்றில் மூன்றில் ஒரு பங்கு இடைவெளி. இந்த மூன்று உலக்கைகளும் மோட்டாருக்குள் ஒரு சுழலும் காந்தப் புலத்தை உண்டாக்குகின்றன. ரோட்டார் அதன் பின்னாலேயே ஓடுகிறது. ஒற்றை முனை மோட்டாருக்குத் தேவைப்படும் கபாசிட்டர் போன்ற முட்டுக்கொடுத்தல் எதுவும் இதற்கு வேண்டாம்.

ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுமார் 240 வோல்ட் இருந்தால், இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே அதைப்போல் 1.732 மடங்கு, அதாவது சுமார் 415 வோல்ட் இருக்கும். நம் வீட்டு விளக்கு, ஃபிரிட்ஜ், கூலர் எல்லாம் முதலாவதில் ஓடுகின்றன. மும்முனை மோட்டார் இரண்டாவதில் ஓடுகிறது. மும்முனை மோட்டார் மூன்று ஃபேஸிலும் ஒரே அளவாகத்தான் மின்சாரம் எடுக்கும். எனவே ஒரு கட்டடத்தில் சுமை ஒரு பக்கம் சாய்கிறது என்றால் சாய்ப்பது அந்த மோட்டார் அல்ல. வீடுகளில் உள்ள ஒற்றை முனைச் சாதனங்கள்தான் சாய்க்கின்றன. அடிபடுவது மட்டும் மோட்டார். பலருக்கும் பிடிபடாத இடம் இதுதான்.

நாகபுரிக் கோடையில் கூலர் இல்லாத வீடு உண்டா? ஒவ்வொரு கூலரிலும் ஒரு விசிறி மோட்டார், தண்ணீர் இறைக்க ஒரு குட்டிப் பம்ப், இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 1 ஆம்பியர். இது பெரிதல்ல. ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று ஓடினால் 7 அல்லது 8 ஆம்பியர். குழாய்த் தண்ணீரை இழுக்கும் 1 குதிரைத் திறன் ஒற்றை முனைப் பம்ப் 6 அல்லது 7 ஆம்பியர். கீசர் 8 ஆம்பியருக்கு மேல். ஆனால் மே மாதத்தில் நாகபுரியில் கீசருக்கு வேலை இல்லை, சூரியனே போட்டுத் தருகிறான். இவையெல்லாம் எந்த ஃபேஸில் மாட்டப்பட்டிருக்கின்றன என்று வீட்டுக்காரருக்கும் தெரியாது, சொசைட்டிச் செயலாளருக்கும் தெரியாது.

அளந்து பார்த்தபோது

இரவு 10 மணிக்கு, தண்ணீர் மோட்டார் ஓடாத நேரத்தில், மெயின் போர்டில் அளந்தேன். சிவப்பில் 62 ஆம்பியர், மஞ்சளில் 34, நீலத்தில் 18. ஒவ்வொரு வீட்டுக் கம்பியையும் தனித்தனியே பிடித்துப் பார்த்ததில் கதை தெரிந்தது. சிவப்பில் 6 வீடுகள், மஞ்சளில் 4, நீலத்தில் 2. போதாக்குறைக்கு, குழாய்த் தண்ணீரை இழுக்கும் ஒற்றை முனைப் பம்பும் மாடிப்படி விளக்குகளும் சிவப்பிலேயே இருந்தன. இரண்டு வருடத்துக்கு முன் மழைக்காலத்தில் நீல ஃபேஸ் கேபிள் பழுதானபோது, லைன்மேன் அந்த வரிசையில் இருந்த இரண்டு வீடுகளை அவசரத்துக்குச் சிவப்பில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். கேபிள் சரியாகிவிட்டது. வீடுகள் மட்டும் திரும்பப் போகவில்லை. நம் நாட்டில் தற்காலிகம் என்று சொல்லிச் செய்கிற வேலைதான் அதிக நாள் நிலைக்கிறது.

நியூட்ரல் கம்பியில் எவ்வளவு என்று பார்த்தால் 39 ஆம்பியர். இதைக் கணக்கிட்டும் பார்க்கலாம். மூன்று ஃபேஸ்களின் ஆம்பியர்களையும் தனித்தனியே வர்க்கம் செய்து கூட்ட வேண்டும். இரண்டிரண்டாகப் பெருக்கி வரும் மூன்று தொகைகளை அதிலிருந்து கழிக்க வேண்டும். மீதிக்கு வர்க்கமூலம் காண வேண்டும். 62, 34, 18 ஆகியவற்றின் வர்க்கங்கள் 3844, 1156, 324. கூட்டினால் 5324. பெருக்கல்கள் 2108, 612, 1116. கூட்டினால் 3836. கழித்தால் 1488. அதன் மூலம் ஏறத்தாழ 38.6. மூன்றிலும் பவர் ஃபாக்டர் ஒன்றாக இருந்தால்தான் இக்கணக்கு சரியாக வரும். வீட்டுச் சுமைக்கு இது போதும். சுமை மூன்றிலும் சமமாக இருந்திருந்தால் விடை பூஜ்யம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதைப் போட்டுப் பார்க்கலாம்.

அடுத்து, மோட்டார் ஓடும்போது ஃபேஸ்களுக்கு இடையே உள்ள வோல்டேஜ். சிவப்பு–மஞ்சள் 390, மஞ்சள்–நீலம் 412, நீலம்–சிவப்பு 398. எங்கள் கட்டடம் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நீளும் லைனின் கடைசியில் இருக்கிறது. வழியில் உள்ள கம்பி எல்லாம் ஆம்பியருக்கு ஏற்ப வோல்டைத் தின்றுவிடும். சிவப்பில் அதிக ஆம்பியர் ஓடியதால் சிவப்பு சம்பந்தப்பட்ட இரண்டு வோல்டேஜும் தாழ்ந்துவிட்டன.

இந்தச் சாய்வை ஒரே எண்ணாகச் சொல்ல ஒரு வழி உண்டு. அமெரிக்காவின் நேமா அமைப்பு மோட்டார்களுக்காக வெளியிட்டுள்ள தரநூலில் உள்ள வழி இது. மூன்று வோல்டேஜின் சராசரியைக் காண்க. இங்கே 400. சராசரியிலிருந்து மிக அதிகம் விலகி நிற்பது 412, விலகல் 12. பன்னிரண்டை நானூறால் வகுத்தால் 3 சதவீதம். மூன்றுதானே என்று தோன்றும். அந்தத் தரநூல் 1 சதவீதம் வரை பொறுத்துக்கொள்கிறது. அதற்கு மேல் போனால் மோட்டாரின் திறனைக் குறைத்து மதிப்பிடச் சொல்கிறது. 5 சதவீதத்துக்கு மேல் மோட்டாரை ஓட்டவே வேண்டாம் என்கிறது. 3 சதவீதத்தில் நம் 5 குதிரை மோட்டாரை நாலரைக் குதிரையாகத்தான் எண்ணிக்கொள்ள வேண்டும்.

மோட்டாரின் மூன்று கம்பிகளிலும் பார்த்தேன். 6.2, 7.4, 9.1 ஆம்பியர். பெயர்ப் பலகையில் உள்ளது 7.5. சராசரியைப் பார்த்தால் ஏறத்தாழ அதேதான். ஆனால் ஒரு கம்பியில் மட்டும் 20 சதவீதம் அதிகம். வோல்டேஜில் 3 சதவீதம் சாய்வு, ஆம்பியரில் 20 சதவீதம் சாய்வு! வோல்டேஜ் சாய்வைப்போல் 6 முதல் 10 மடங்கு வரை ஆம்பியர் சாய்வு வருவது மோட்டார்களுக்கு இயல்பு.

ஏன் இப்படி? உரலுக்கே திரும்புவோம். மூன்று உலக்கைகளில் ஒன்று இலேசாகவும் ஒன்று பலமாகவும் விழுந்தால் தாளம் குலையும். சார்லஸ் ஃபார்ட்டெஸ்க்யூ என்ற பொறியாளர் 1918-இல் இதற்கு ஓர் அழகான கணக்கு கண்டுபிடித்தார். சமமில்லாத மூன்று வோல்டேஜை, முன்னோக்கிச் சுழலும் ஒரு சமமான தொகுதியாகவும், பின்னோக்கிச் சுழலும் ஒரு சிறிய தொகுதியாகவும் பிரித்துவிடலாம் என்றார். நியூட்ரல் உள்ள இடத்தில் சுழலாத மூன்றாவது தொகுதியும் உண்டு. ஆனால் நம் மோட்டாருக்கு மூன்று கம்பிதான், நியூட்ரல் இல்லை. ஆகவே முதல் இரண்டு போதும். அதாவது, நம் மோட்டாருக்குள் ஒரு பெரிய கை முன்னால் சுற்றுகிறது, ஒரு சிறு கை பின்னால் இழுக்கிறது. பின்னால் இழுக்கும் கையின் கண்ணுக்கு, ரோட்டார் எதிர்த்திசையில் தலைதெறிக்க ஓடுகிறது. அந்த நிலையில் மோட்டார், ஸ்டார்ட் ஆகும் கணத்தில் எப்படித் தாராளமாக மின்சாரத்தை வாங்குமோ அப்படி வாங்கும். ஸ்டார்ட் ஆகும்போது ஒரு மோட்டார் முழுச் சுமை ஆம்பியரைப்போல் சுமார் 6 மடங்கு எடுக்கும் அல்லவா? ஆகவே 3 சதவீதப் பின்னோக்கு வோல்டேஜ், 3 பெருக்கல் 6, ஆக 18 சதவீத ஆம்பியரை உள்ளே இழுக்கிறது. இந்த ஆம்பியரால் ஒரு சொட்டுத் தண்ணீரும் மேலே ஏறாது. முழுதும் சூடுதான்.

சூடு எவ்வளவு என்றும் ஒரு நடைமுறைக் கணக்கு இருக்கிறது. சாய்வு சதவீதத்தை வர்க்கம் செய்து இரண்டால் பெருக்கினால், வெப்ப உயர்வு எத்தனை சதவீதம் கூடும் என்பது தோராயமாக வரும். 3-இன் வர்க்கம் 9, இரண்டால் பெருக்க 18. சாதாரணமாக 70 டிகிரி உயரும் வைண்டிங் இப்போது 82, 83 டிகிரி உயரும். மோட்டார்களைச் சுற்றுப்புறம் 40 டிகிரி என்று வைத்துக்கொண்டுதான் செய்கிறார்கள். நாகபுரி மே மாதத்தில் பம்ப் அறைக்குள் அதற்கும் மேல். இன்சுலேஷனுக்குச் சூடு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்துறையில் நெடுநாளாக வழங்கும் விதி. ஆகவே ரீவைண்டிங் கடைக்காரர் தங்கக் கம்பி போட்டுச் சுற்றியிருந்தாலும் எங்கள் மோட்டார் எரிந்திருக்கும்.

ஓவர்லோடு ரிலே என்ன செய்தது என்று கேட்பீர்கள். அது தன் கடமையைச் செய்தது. 7.5 ஆம்பியரில் வைத்திருந்தபோது அடிக்கடி மோட்டாரை நிறுத்தியது. தண்ணீர் ஏறவில்லை என்று மாடியிலிருந்து கூச்சல். எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து ரிலேயின் திருகை 10-க்குத் திருப்பிவிட்டுப் போனார். ஒரே நாளில் நல்ல பெயர் வாங்கிக்கொண்டார். பதினைந்து நாளில் மோட்டார் எரிந்தது. ரிலே அடிக்கடி விழுகிறது என்றால் அது குரைக்கும் நாய், வாயைக் கட்டுவதற்கு முன் வாசலில் யார் என்று பார்க்க வேண்டும்.

எரிந்த மோட்டாரும் சாட்சி சொல்லும். பழைய காயிலைக் கடைக்காரர் வெட்டி எறிவதற்கு முன் ஒரு முறை போய்ப் பாருங்கள். எல்லாக் காயிலும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் அதிகச் சுமை, அல்லது காற்றோட்டம் இல்லை. ஸ்டார் இணைப்புள்ள மோட்டாரில் இரண்டு ஃபேஸ் காயில்கள் கருகி, மூன்றாவது புதிதுபோல் இருந்தால், ஓடும்போது ஒரு ஃபேஸ் முழுவதுமாகப் போயிருக்கிறது. டெல்டா இணைப்பில் இதே கோளாறு ஒரு ஃபேஸைக் கருக்கி இரண்டை விட்டுவைக்கும். ஒன்று நன்றாகக் கறுத்து, மற்றவை இலேசாகப் பழுத்திருந்தால் வோல்டேஜ் சாய்வைச் சந்தேகிக்கலாம். எங்களுடையது இந்தக் கடைசி வகை.

கோளாறு மோட்டாரிலா, லைனிலா?

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. நான் பணிமனைக்கு வரும் புதுப் பையன்களுக்கு முதலில் சொல்லித் தருவது இதைத்தான். மெயினை அணைத்து, பியூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மோட்டாரின் மூன்று கம்பிகளையும் ஸ்டார்ட்டரில் ஓர் இடம் தள்ளி மாட்ட வேண்டும். சிவப்பில் இருந்தது மஞ்சளுக்கு, மஞ்சளில் இருந்தது நீலத்துக்கு, நீலத்தில் இருந்தது சிவப்புக்கு. மூன்றையும் சேர்த்து நகர்த்தினால் சுழலும் திசை மாறாது. இரண்டை மட்டும் மாற்றினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், கவனம். பிறகு ஓட்டி அளக்க வேண்டும். அதிக ஆம்பியர் முன்பு எந்த லைனில் இருந்ததோ அதே லைனில் நின்றால் கோளாறு வரும் மின்சாரத்தில். அதிக ஆம்பியர் மோட்டார்க் கம்பியோடு சேர்ந்து இடம் மாறினால் கோளாறு மோட்டாரின் வைண்டிங்கில். எங்களுக்கு 9.1 நீல லைனில் இருந்தது. தள்ளி மாட்டிய பிறகும் நீல லைனிலேயே 9 ஆம்பியர். அத்துடன் கடைக்காரர் மீதிருந்த பழி நீங்கியது. செயலாளர் அவருக்கு நிறுத்தி வைத்திருந்த பாக்கியைக் கொடுத்தார்.

இதற்கு முன்னால் லூஸ் இணைப்புகளையும் பார்த்துவிட வேண்டும். அலுமினியக் கம்பியைப் பித்தளை முனையில் வெறுமனே முறுக்கி வைத்திருந்தாலோ, கான்டாக்டரின் ஒரு முனை தேய்ந்திருந்தாலோ, அந்த ஒரு ஃபேஸில் மட்டும் வோல்டேஜ் குறையும். கம்பியின் உறை பழுப்பேறியிருந்தால் அங்கேதான் குற்றம். ஐந்து ரூபாய் லக் போடாமல் ஐயாயிரம் ரூபாய் ரீவைண்டிங் செய்தவர்களை நான் அறிவேன்.

ரயில்வேயில் இதே தலைவலி இன்னும் பெரிய அளவில் உண்டு. நம் மின் ரயில்களுக்கு மேலே ஓடும் 25,000 வோல்ட் கம்பி ஒற்றை முனை. அதற்கான துணைமின் நிலையம் மாநில மின் வலையின் மூன்று ஃபேஸ்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எல்லா நிலையங்களும் அதே இரண்டை எடுத்தால் ஒரு மாநிலமே சாய்ந்துவிடும். ஆகையால் முதல் நிலையம் சிவப்பு–மஞ்சள், அடுத்தது மஞ்சள்–நீலம், அதற்கடுத்தது நீலம்–சிவப்பு என்று முறைவைத்து எடுக்கிறார்கள். வெவ்வேறு ஜோடிகள் ஒன்றோடொன்று தொடக் கூடாது என்பதால் நடுவில் மின்சாரம் இல்லாத ஒரு துண்டு உண்டு. நியூட்ரல் செக்‌ஷன் என்று பெயர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போகும்போது எஞ்சினுக்கு அடுத்த பெட்டியில் இருந்தால், அதன் இரைச்சல் சில நொடி அடங்கி மறுபடி எழுவதைக் கேட்கலாம். ஓட்டுநர் சர்க்யூட் பிரேக்கரைத் திறந்துவிட்டு, ஓடுகிற வேகத்திலேயே அந்தத் துண்டைக் கடக்கும் நேரம் அது. இந்தியாவில் 1950-களின் பிற்பகுதியில் இந்த 25,000 வோல்ட் முறையைத் தேர்ந்தெடுத்தபோதே இந்த ஏற்பாடும் கூட வந்தது.

எஞ்சினுக்குள்ளும் அதே கதை. மேலே வருவது ஒற்றை முனை, ஆனால் காற்று விசிறிக்கும் கம்ப்ரெஸருக்கும் மும்முனை மோட்டார்கள். பழைய எஞ்சின்களில் ஒற்றையை மூன்றாக்க ஆர்னோ கன்வெர்ட்டர் என்ற சுழலும் எந்திரம் இருந்தது. அது தரும் மூன்றாவது ஃபேஸ் மற்ற இரண்டோடு ஒருநாளும் முழுதாக ஒத்துப்போகாது. மேல் கம்பியில் வோல்டேஜ் ஏறி இறங்கினால் இன்னும் மோசம். கோடையில் துணை மோட்டார்கள் எரிந்து வரிசையாக வரும். எரிந்த காயிலைப் பார்த்துக் காரணம் சொல்ல நான் கற்றுக்கொண்டது அங்கேதான். பிறகு ஸ்டேட்டிக் கன்வெர்ட்டர் வந்து, மூன்று ஃபேஸும் சமமாகக் கிடைத்தபின் எரிவது வெகுவாகக் குறைந்தது. அதே மோட்டார், அதே விசிறி. மாறியது வோல்டேஜின் சமநிலை மட்டுமே.

மாற்றியது எப்படி?

வீடுகளை எண்ணி நாலு, நாலு, நாலு என்று பிரித்தால் போதுமே என்று கூட்டத்தில் கேட்டார்கள். காகிதத்தில் அது சரி. ஆனால் சிவப்பில் இருந்த 6 வீடுகளின் ஆம்பியர் அன்றிரவு 15, 12, 11, 8, 7, 1. கடைசி வீடு பூட்டியிருந்தது, குடும்பத்தோடு திருநெல்வேலி போயிருந்தார்கள், ஃபிரிட்ஜ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டையும் 7 ஆம்பியர் வீட்டையும் நீலத்துக்கு மாற்றினால் எண்ணிக்கை நாலு நாலாகிவிடும், இறங்கும் சுமையோ 8 ஆம்பியர்தான். 11-ஐயும் 7-ஐயும் மாற்றினால் 18. அதையே எடுத்தோம். குழாய்த் தண்ணீர்ப் பம்பின் 7 ஆம்பியரை மஞ்சளுக்கு மாற்றினோம். சிவப்பு 62-இலிருந்து 37. மஞ்சள் 34-இலிருந்து 41. நீலம் 18-இலிருந்து 36. நியூட்ரலில் 39 இருந்த இடத்தில் 5-க்கும் குறைவு.

11 ஆம்பியர் வீட்டு அம்மாள் இலேசில் சம்மதிக்கவில்லை. “எங்க லைன்ல கரண்ட் போனதே கிடையாது அண்ணா, நல்லா இருக்கறதை நீங்களே கெடுக்கலாமா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு ஃபேஸ் போனால் அந்த ஃபேஸ் வீடுகள் மட்டும் இருளும். எந்த ஃபேஸ் அதிகம் போகும் என்பது அந்தந்தத் தெருக்காரர்களுக்கு அனுபவத்தில் தெரியும். “அம்மா, 62 ஆம்பியர் ஓடுகிற ஃபேஸின் பியூஸ்தான் அடுத்தபடி போகப்போகிறது” என்றேன். ஒரு மாதம் பார்ப்போம், நீலத்தில் மின்சாரம் அடிக்கடி போனால் வேறு வீட்டை மாற்றிக்கொள்வோம் என்று பேசி முடித்தோம். அவர் இன்றுவரை திரும்பக் கேட்கவில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். மீட்டருக்கு முன்னால் உள்ள இணைப்புகள் மின் வாரியத்தின் சீலுக்கு உட்பட்டவை. எந்த வீட்டை எந்த ஃபேஸில் மாட்டுவது என்பதை அவர்கள் ஆள்தான் மாற்றலாம். அளந்த எண்களை ஒரு தாளில் எழுதி, சொசைட்டி லெட்டர்ஹெட்டில் மனுக் கொடுத்தால் மறுக்கமாட்டார்கள், அவர்களுடைய டிரான்ஸ்ஃபார்மருக்கும் இது நல்லதே. பொது மீட்டருக்குப் பின்னால் உள்ள பம்பு, விளக்கு ஆகியவற்றை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து நாமே மாற்றலாம். தெரிந்த பையன் என்று யாரையும் ஏற்றாதீர்கள்.

நியூட்ரலைப் பற்றி ஒரு வார்த்தை. சாய்ந்த சுமையில் அந்தக் கம்பி நாள் முழுதும் சூடாகிறது, இணைப்பு தளர்கிறது, ஒருநாள் விட்டுவிடுகிறது. அப்போது மின்சாரம் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். சிவப்பில் ஒரு வீடும் நீலத்தில் ஒரு வீடும் ஒன்றன்பின் ஒன்றாக 415 வோல்ட்டில் தொங்கும். ஒரு வீட்டில் 2,000 வாட் கீசரும், மற்றதில் வெறும் 200 வாட் டி.வி.யும் விளக்கும் ஓடுவதாக வைத்துக்கொண்டால், குறைவாகச் செலவழிக்கும் வீட்டுக்கு ஏறத்தாழ 377 வோல்ட் போய்ச் சேரும். சிக்கனக்காரருக்குத்தான் தண்டனை. மின்விளக்குகள் ஒரு வீட்டில் மங்கி, பக்கத்து வீட்டில் கண்ணைப் பறிக்கும்படி பிரகாசித்தால் காரணம் தேடாமல் உடனே மெயினை அணைத்துவிட்டு வாரியத்துக்குப் போன் செய்யுங்கள். நியூட்ரலில் பியூஸ் போடக் கூடாது என்று 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது. இருந்தும் பழைய கட்டடங்களில் பீங்கான் கட்-அவுட் நியூட்ரலிலும் போட்டிருப்பதைப் பார்க்கிறேன். உங்கள் போர்டில் இருந்தால் எடுத்துவிட்டு நேர் இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு ஃபேஸ் முழுவதுமாகப் போய்விட்டால் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்காது, மற்ற இரண்டிலிருந்து ஏறத்தாழ 1.7 மடங்கு ஆம்பியர் எடுத்துக்கொண்டு ஓடும். நின்றிருந்தால் கிளம்பாமல் முனகும். இதற்குத் தனியே சிங்கிள் ஃபேஸிங் பிரிவென்டர் என்ற சிறு கருவி உண்டு. ரீவைண்டிங் கூலியைவிட மிகவும் மலிவு. வோல்டேஜ் சாய்வையும் சேர்த்துப் பார்க்கும் வகையாக வாங்கினால் நல்லது. புதிதாகக் கட்டடம் கட்டும் சொசைட்டிகள் 3 குதிரைக்கு மேற்பட்ட பம்புகளை மும்முனையாகவே வாங்குவது உத்தமம். ஒற்றை முனைப் பம்புகள் மூன்று இருந்தால் மூன்றையும் மூன்று ஃபேஸில் மாட்டுங்கள். மின்சாரம் போய் வந்ததும் எல்லாம் ஒரே நொடியில் கிளம்பாதபடி பத்துப் பத்து நொடி டைமர் வையுங்கள்.

எங்கள் மோட்டாருக்கு வருகிறேன். மாற்றிய மறுநாள் இரவு சிவப்பு–மஞ்சள் 400, மஞ்சள்–நீலம் 405, நீலம்–சிவப்பு 401. சாய்வு 3 சதவீதத்திலிருந்து 0.75-க்கு வந்துவிட்டது. மோட்டார்க் கம்பிகளில் 7.1, 7.5, 7.9. ரிலேயைத் திரும்ப 7.5-க்கு வைத்தோம், 7.9-ஐ அது பொறுத்துக்கொண்டது. அதன்பின் இரண்டு கோடை போயிற்று. மோட்டாரைத் தொடவில்லை.

பம்ப் அறையில் ஆணியில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. மாதம் ஒரு முறை காலை 6 மணி, மதியம் 2 மணி, இரவு 10 மணி என மூன்று வேளை ஆம்பியரும் வோல்டேஜும் எழுதுகிறோம். கூலர்களெல்லாம் மூடிவைத்த பிறகு சென்ற ஆகஸ்டில் பார்த்தபோது 21, 19, 24. அதை அப்படியே விட்டுவிட்டோம். டிசம்பரில் கீசர்கள் வந்ததும் மஞ்சள் கொஞ்சம் ஏறியது. அது காலை ஒரு மணி நேரத்துக்கு மட்டும்தான், அந்த நேரத்தில் தண்ணீர் மோட்டாரைப் போடாமல் 9 மணிக்குப் போடும்படி வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறேன்.